இன்னாசி கையில் நின்ற பொழுது

எங்க ஊர்லயும் பொழுது ஒழுங்கா விழுந்துக்கிட்டிருந்த காலம்னு ஒண்ணு உண்டு, அது இன்னாசி கடைசி ஓவர் போட வர்றதுக்கு முந்தின காலம். சாயங்காலம் ஆச்சுன்னா சூரியன் மேக்க உப்பளத்தைத் தாண்டிப் பனங்காட்டுக்குள்ள இறங்கிரும், கோயில் மணி அடிக்கும், கோழி கூட்டுல அடையும், பொம்பளைங்க விரிச்ச கருவாட்டைச் சுருட்டுவாங்க, மைதானத்துல ஸ்டம்பைப் புடுங்கிருவாங்க, அதுக்கப்புறம் இருட்டு, இருட்டுக்கப்புறம் சோறு, சோத்துக்கப்புறம் தூக்கம்னு எல்லா ஊர் மாதிரியும்தான் முத்தன்துறையும் இருந்துச்சு.

நான் கஸ்பார். மைக்கு கஸ்பார்னு சொன்னாத்தான் இந்தக் கடற்கரையில யாருக்கும் தெரியும். டென்னிஸ் பால் டோர்னமெண்டு எங்க நடந்தாலும் பந்தலுக்குள்ள உக்காந்து, யார் அடிச்சான், யார் கோட்டை விட்டான்னு மூச்சு விடாமப் பேசுறது என் வேலை. வாயை வாடகைக்கு விட்டுப் பொழைக்கிற மனுசன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா, சொல்லிட்டுப் போறா.

எங்க மைதானம் கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்குச் சொந்தம். எந்தக் காலத்துலயோ இருந்த ஒரு சாமியார் ஒரு கண்டிசன் போட்டுத்தான் அதை விளையாடக் குடுத்தாராம், சாயங்கால மணி அடிச்சப்புறம் ஒரு பந்து கூடப் போடக் கூடாது, மணி அடிக்கும்போது மேட்ச் முடியலைன்னா ஜெயிச்சவனும் இல்ல தோத்தவனும் இல்ல, கப்பு கோயில் பீரோவுக்குள்ள போயிரணும். எங்க ஆளுங்களைப் பத்திச் சொல்லணுமா, டாஸ் போடவே ரெண்டு தடவை சண்டை புடிப்பானுங்க, அப்புறம் அது வைடா இல்லையான்னு ஒரு பஞ்சாயத்து, அம்பயர் தொம்மை அண்ணாச்சி கப்பல்ல உலகம் சுத்திட்டு வந்த மனுசன், பெத்த மவனையே ரன் அவுட்டு குடுத்து வெளிய அனுப்பினவர், அவர் கூடயும் மல்லுக்கு நின்னா எந்த மேட்ச் முடியும். வருசா வருசம் ஃபைனல் பாதியில நிக்கும், மணி அடிச்சிரும், பீரோவுக்குள்ள கப்பு மேல கப்பா அடுக்கி வச்சிருந்தாங்க.

அந்த வருசம் சிலுவைமேட்டுக்காரனோட ஃபைனல். ஒரு ஓவர்தான் பாக்கி, சூரியன் பனைத் தலைக்கு மேல ஒரு சாண் உசரத்துல நிக்கு, கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் மணிக்கயித்துக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டார், ஏன்னா கோயில் கடிகாரம் எப்பவோ நின்னுபோச்சு, அவர் பொழுதைப் பார்த்துத்தான் மணி அடிப்பார். எங்க கேப்டன் அமலனுக்குப் பந்து போட ஆள் இல்ல, ஒருத்தனுக்குக் கால் பிசகிருச்சு, இன்னொருத்தன் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். கோட்டோரமா உக்காந்திருந்த இன்னாசியைக் கூப்பிட்டு, “ஏல, எப்படியாவது ஆறு பந்து போட்டுத் தொலை”ன்னு கையில குடுத்தான். இன்னாசி ஐஸ் கம்பெனியில பார் ஐஸ் உடைக்கிறவன், யாருகிட்டயும் அதிர்ந்து பேச மாட்டான், அவன் டீம்ல இருக்கிறதே சில பேருக்குத் தெரியாது. அவன் பந்தை வாங்கி, பேண்ட்டுல ரெண்டு தேய் தேய்ச்சு, அவசரமே படாம மேக்க நடந்து போய், திரும்பி, நாலு எட்டு வச்சு வந்து போட்டான், பந்து பேட்ஸ்மேன் காலுக்கடியில போய்ச் சொருகி நடு ஸ்டம்பைச் சாய்ச்சுது. திரும்பவும் நடந்து போனான், திரும்பவும் வந்தான். அவன் நடந்த நடைக்கு ஊரே இருட்டியிருக்கணும், ஆனா சூரியன் அந்த ஒரு சாண் உசரத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு, ஆறாவது பந்து விழுந்து தொம்மை அண்ணாச்சி “ஓவர்”னு சொன்னப்புறம்தான், தட்டுல இருந்து அவிச்ச முட்டை உருண்டு விழுந்த மாதிரி பொதுக்குன்னு பனங்காட்டுக்குள்ள விழுந்துச்சு. உபதேசியார் மணி அடிச்சார், எங்களுக்குக் கப்பு கிடைச்சுது.

அன்னைக்கு யாரும் அதைப் பெருசாப் பேசலை. நாலாவது பந்து வைடுதான்னு சிலுவைமேட்டுக்காரன் கத்துனதைப் பத்தித்தான் ராத்திரி பூரா பேச்சு. அடுத்த மேட்ச்லயும் பொழுது நின்னுச்சு, அதுக்கடுத்த மேட்ச்லயும் நின்னுச்சு, அப்புறம்தான் டீக்கடையில ஒருத்தன், “இன்னாசி ஓவர் முடியாம பொழுது விழாதுடே”ன்னு சொன்னான், மத்தவன், “ஆமா, அதான் தெரியுமே”ன்னு சொன்னான், அதோட அது ஊர் வழக்கமா ஆகிப்போச்சு.

ஊர் வழக்கம்னா எல்லாருக்கும் அதுல ஒரு பங்கு இருக்கணுமில்ல. மழைக்காலத்துல கருவாடு காயாம நாறிக்கிட்டு கிடந்தா, பொம்பளைங்க இன்னாசி வீட்டு வாசல்ல வந்து, “நாளைக்கு மேட்ச்சா தம்பி, கொஞ்சம் மெதுவாப் போடுப்பா”ன்னு கேட்டுட்டுப் போவாங்க. கல்யாண போட்டோக்காரன் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அஞ்சாவது பந்துக்கும் ஆறாவது பந்துக்கும் நடுவுல கடற்கரைக்கு ஓடுவான், அந்த நேரத்து வெளிச்சம் கறுத்த மூஞ்சியையும் தங்கமாக் காட்டும்பான். பள்ளிவாசல் தெரு ஜமாஅத்துத் தலைவர் ஒரு நாள் வந்து, நோன்பு மாசத்துல மட்டும் ஃபைனல் வைக்காதீங்க, பொழுது விழாம எங்க புள்ளைங்க நோன்பு திறக்க முடியாம வாடிப்போவுதுன்னு சொன்னார், அவர் சொன்னது நியாயம்னு கமிட்டி அதை நோட்டீஸ்லயே அச்சடிச்சுது. டவுனுக்குப் போயிட்டு வர்ற பஸ்ஸு, அங்க இருட்டிப்போச்சேன்னு ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு வரும், எங்க ஊர்ப் பாலத்துல ஏறினதும் வெயிலைப் பார்த்துட்டு டிரைவர் லைட்டை அணைச்சிட்டு, “இன்னைக்கு இன்னாசி ஓவரா”ன்னு கண்டக்டர்கிட்ட கேப்பார். பத்திரிகைக்காரர் ஒருத்தர் கூட வந்தார், எல்லாத்தையும் பார்த்தார், மறுநாள் பேப்பர்ல முத்தன்துறை அணி வெற்றின்னு மட்டும் போட்டிருந்துச்சு.

இன்னாசிக்கு அந்த ஒரு ஓவர்தான். ஆசைப்பட்டு அமலன் அவனை மொதல்ல போட விட்டுப் பார்த்தான், போட்ட பந்தையெல்லாம் பொடிப்பயலுவ கடலுக்கு அடிச்சானுங்க. கடைசி ஓவர்னு வந்துட்டா மட்டும் அவன் வேற ஆள். மேட்ச் பூரா கோட்டோரமா குத்தவச்சு மணலைக் கிளறிக்கிட்டு இருப்பான், எதிராளி பேயாட்டம் ஆடி, எங்க ஆளுங்க எல்லாம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிற நேரம் எந்திரிச்சு வருவான், நான் மைக்குல, “இதோ வாரான் ஐயா, ஊரைப் பூட்டிட்டுச் சாவியை எடுத்துக்கிட்டுப் போறவன் வாரான்”னு சொல்லுவேன், கூட்டம் அப்படியே அடங்கிரும். பக்கத்து ஊர்க்காரன், பத்து ஊர் தள்ளி இருக்கிறவன் எல்லாம் வேன் வச்சு அவனைக் கூட்டிக்கிட்டுப் போனான், போன இடத்துலயும் பொழுது நின்னுச்சு, வெள்ளாட்டங்கிடாயும் மிக்சியும் குடுத்து அனுப்பினாங்க. இப்படியே வருசம் ஓடுச்சு. தோள்பட்டை வலி வந்துச்சு, தலை நரைச்சுது, பந்து வேகம் கொறைஞ்சுது, ஆனாலும் ஒரு மேட்சை அவன் கையில குடுத்துட்டா முடிஞ்ச மாதிரிதான்.

அவன் பொண்டாட்டி கித்தேரி எனக்குச் சித்தப்பா மவ, தங்கச்சி மொறை. அதனால அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான். வாயாடின்னா அப்படி ஒரு வாயாடி, எங்க குடும்பத்துப் பேச்சு பூரா எங்க ரெண்டு பேருக்கும்தான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. புள்ளை இல்லைங்கிற குறை ஒண்ணுதான், மத்தபடி அந்த வீட்டுல சிரிப்புக்குக் குறைவில்ல. அவன் போட்ட ஒரு ஓவரைக் கூட அவ கண்ணால பார்த்ததில்ல, அந்த நேரம் கருவாட்டுக் களத்துல இருப்பா, குழாய் ஸ்பீக்கர்ல என் குரல்லதான் எல்லாத்தையும் கேப்பா. கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, “வெயில் நின்னுக்கிட்டே இருந்தா சோறு வைக்கவா டீ போடவான்னே தெரியல, நீங்க ஒரு பந்து போட்டுட்டு வர்றதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிருது”ன்னு அவனை வைவா. அவன் சிரிச்சுக்கிட்டே கால் கழுவுவான். அவளைப் பார்க்கும்போதுதான் அவன் மூஞ்சியில சிரிப்பையே பார்க்க முடியும்.

அவளுக்குத்தான் வயித்துல அந்த நோவு வந்துச்சு. டவுன் ஆஸ்பத்திரியில எல்லாம் பார்த்தாங்க, அறுத்தாங்க, மருந்து ஏத்தினாங்க, அவங்களும் முடிஞ்ச மட்டும் பண்ணினாங்க, குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. கடைசியில பெரிய டாக்டர் என்னையும் இன்னாசியையும் வராண்டாவுக்குக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, இன்னைக்கு ராத்திரி தாண்டாதுன்னு சொன்னார். அந்த மனுசன் கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு.

வேன்ல கூட்டிக்கிட்டு வந்து கட்டில்ல படுக்க வச்சோம். வெயில் ஏறி இறங்குற நேரம். இன்னாசி அவ கையைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான், அப்புறம் எந்திரிச்சு வாசலுக்கு வந்து மேக்க பார்த்தான், பார்த்துக்கிட்டே சொன்னான்.

“மச்சான், ஒரு மேட்ச் ஏற்பாடு பண்ணுங்க.”

“ஏம்ல, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? அவ கெடக்கிற கெடையில…”

“ராத்திரி தாண்டாதுன்னுதானே சொன்னாரு. ராத்திரி வந்தாத்தானே மச்சான் தாண்டணும்.”

எனக்கு மட்டுமில்ல, ஊர்ல யாருக்குமே அதுல ஒரு தப்பும் தெரியலை, இவ்வளவு நாள் கருவாட்டுக்கும் போட்டோவுக்கும் நிறுத்தின பொழுதை கித்தேரிக்காக நிறுத்தக் கூடாதான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. சிலுவைமேட்டுக்கு ஆள் போச்சு, அவங்க என்ன ஏதுன்னு கேக்கலை, கருப்புச் சட்டையும் கைலியுமா இருந்தவன் அப்படியே லாரியில ஏறி வந்துட்டான். கடகடன்னு ஆடினாங்க, எங்க ஆளுங்க மொதல்ல ஆடி, அந்தப் பயலுவ மனசில்லாம வீசின பந்தையெல்லாம் அடிச்சு ரன்னை மலையாக் குவிச்சிட்டானுங்க, அவங்க ஆட வந்து தட்டித் தட்டி நின்னாங்க, எப்படியாவது வெளிச்சம் இருக்கும்போதே கடைசி ஓவருக்கு வந்து சேரணும்னுதான் ரெண்டு பக்கமும் ஒரே எண்ணம். வந்து சேர்ந்துச்சு. சூரியன் பனைத் தலைக்கு மேல ஒரு சாண். இன்னாசி அஞ்சு பந்து போட்டான். ஆறாவது பந்தை எடுத்துக்கிட்டு மேக்க நடந்து போய், திரும்பி நின்னான். நின்னவன் நின்னவன்தான்.

எத்தனை நேரம்னு என்கிட்ட கேக்காதீங்க. கைக்கடிகாரம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, சுத்திச் சுத்தி வந்துச்சு, அதை யாரும் பார்க்கலை. மணி அடிக்கப் போன உபதேசியார் கயித்துக்குப் பக்கத்துலயே உக்காந்துட்டார். ராத்திரி வலைக்குப் போற வள்ளமெல்லாம் கரையில கிடந்துச்சு, பிச்சிப்பூ மொட்டு மொட்டாவே நின்னுச்சு, ஆட்டுக்குட்டியெல்லாம் வீட்டுக்குப் போகவா வேண்டாமான்னு தெருவுல மலங்க மலங்க முழிச்சுது. புள்ளைங்க தூக்கம் வராம அழுதுச்சு, தாய்மாரு ஜன்னல்ல சேலையைக் கட்டி வீட்டுக்குள்ள ஒரு பொய் இருட்டு பண்ணித் தூங்க வச்சாங்க. ஃபீல்டிங் நின்னவனுங்க மொறை வச்சு மணல்ல படுத்து எந்திரிச்சாங்க. பேட்டைப் புடிச்சு நின்ன சிலுவைமேட்டுப் பையன் பேரு ரெக்ஸன், மீசை முளைச்சு ரொம்ப நாள் ஆகலை, பேட்ஸ்மேன் கோட்டை விட்டுப் போனா ஓவர் கெட்டிருமோன்னு நின்ன எடத்தை விட்டு நகரலை, அவுக அம்மா அடுத்த ஊர்ல இருந்து நடந்து வந்து, பொட்டலத்தைப் பிரிச்சு, நிக்க வச்சே ஊட்டி விட்டுட்டுப் போச்சு. தொம்மை அண்ணாச்சிக்குச் சேர் கொண்டு வந்து போட்டோம், உக்கார மாட்டேனுட்டார். அம்பயர் உக்காந்தா ஓவருக்கு என்னடே மரியாதைன்னு முட்டி நடுங்க நின்னார். சாமியார் வந்தார், பொழுதைப் பார்த்தார், இன்னாசியைப் பார்த்தார், அவன் தலையில கொஞ்ச நேரம் கையை வச்சிருந்துட்டுப் போயிட்டார். ஒருத்தர் கூட, போட்டுத் தொலையேன்டான்னு சொல்லலை. அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

ஒரே ஒரு தடவை இன்னாசி பந்தும் கையுமா வீட்டைப் பார்க்க நடந்தான், அவளை ஒரு கண்ணு பார்த்துட்டு வந்துரலாம்னு. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு கால் வச்சான், சூரியன் சரசரன்னு எறங்கிப் பனை ஓலையைத் தொட்டுருச்சு. பதறிப்போய் ஓடி வந்து பழைய எடத்துல நின்னான். எறங்கினது எறங்கினதுதான், ஏறலை. அப்புறம் அவன் அசையவே இல்ல.

இப்ப யோசிச்சுப் பாருங்க அவன் நிலைமையை. அவ வீட்டுல, இவன் மைதானத்துல. அவ உசுரைப் புடிச்சு வைக்கணும்னா அவ பக்கத்துல இருக்கக் கூடாது. மைதானத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு தெருதான், அவன் நின்ன எடத்துல இருந்து வீட்டு ஓடு தெரியும்.

அப்பத்தான் நான் மைக்கை ஒயரோட இழுத்துக்கிட்டுப் போய் அவன் வாய்க்கிட்ட புடிச்சேன். குழாய் ஸ்பீக்கர் அவ வீட்டுக்கு நேராத்தான் கட்டியிருந்துச்சு. அவன் ரொம்ப நேரம் கூச்சப்பட்டுட்டு, ஊரே கேக்க, “கித்தேரி… கஞ்சி குடிச்சியா?”ன்னான். நான் வீட்டுக்கு ஓடினேன். “குடிச்சேன்னு சொல்லுங்கண்ணே”ன்னா அவ. கஞ்சி கிண்ணத்துல ஆடை கட்டிக் கிடந்துச்சு. இப்படியே நான் போறதும் வாறதுமா இருந்தேன், அவன் மைக்குல ஏதாவது கேப்பான், வலிக்குதான்னு கேப்பான், அவ இல்லைன்னு சொல்லச் சொல்லுவா, மொத மொத அவளைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அவன் காப்பியைச் சட்டையில ஊத்திக்கிட்டதைச் சொல்லச் சொல்லுவா, நான் வந்து சொல்லுவேன், சுத்தி நின்னவனெல்லாம் சிரிப்பான், இன்னாசியும் சிரிப்பான், பந்தை மட்டும் விட மாட்டான்.

ஆனா நான் வீட்டுக்குள்ள பார்த்ததை எப்படிச் சொல்லுவேன். கித்தேரிக்கு அந்த நோவு காலையில கொஞ்சம் அடங்கி இருக்கும், ராத்திரி மருந்துல தூங்கிப்போவா, பொழுது சாயுற நேரம்தான் அவளுக்கு ஆகவே ஆகாது, அந்த நேரத்துல வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு கிடப்பா, எப்படா இருட்டும்னு கிடப்பா. அந்த நேரத்தைத்தான் நாங்க எல்லாரும் சேர்ந்து அசையாம நிறுத்தி வச்சிருந்தோம். ஊருக்கே கருவாடு காயவைக்கத் தெரியும், போட்டோ எடுக்கத் தெரியும், இது ஒருத்தனுக்கும் தோணலையே. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க அவ காலைத் தடவிக்கிட்டே அழுதாங்க.

“அவர்கிட்ட சொல்லிராதீங்கண்ணே”ன்னா மொதல்ல. அப்புறம் ஒரு தடவை போனப்ப கண்ணை மூடிக்கிட்டே, “அவரு எங்க நிக்காரு?”ன்னு கேட்டா.

“பந்து போடுற எடத்துலதான் நிக்கான்.”

“வரச் சொல்லுங்கண்ணே.”

“வந்தா பொழுது விழுந்துருமே தாயி.”

“விழட்டும். வீட்டுல கரண்டு இருக்குல்லா, லைட்டைப் போட்டுக்கிடலாம்னு சொல்லுங்க.” அந்த வலியிலயும் அவ வாய் சும்மா இருக்கலை. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, “பயமா இருக்குண்ணே. அவரு பக்கத்துல இருந்தா பயமா இருக்காது”ன்னு சொன்னா.

நான் தெருவுல நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு மைதானத்துக்குப் போனேன். மைக்கை அணைச்சேன். அவன்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன், வலியையும் சொன்னேன்.

“மாப்ள, பொழுதை அவ கேக்கலைடே. ஒன்னியத்தான் கேக்கா.”

அவன் பந்தைப் பார்த்தான். “போட்டா இருட்டிரும் மச்சான். இருட்டினா அவ போயிருவா.”

“தெரியும்ல.”

“நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ போயிட்டான்னா?”

அவன் கிழக்க வீட்டு ஓட்டைப் பார்த்தான், முந்தானையை இடுப்புல சொருகின பொம்பளை மாதிரி பேண்ட்டை இழுத்துச் செருகிக்கிட்டான், பந்தைத் தேய்க்கலை, நாலு எட்டு வச்சு ஓடி வந்து போட்டான், போட்ட கை கீழ வர்றதுக்குள்ள, நிக்காம அதே ஓட்டமா வீட்டைப் பார்க்க ஓடினான். ரெக்ஸன் அதைத் தெக்க தட்டி விட்டான். பந்து உருண்டு உருண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால மணல்ல பொதிஞ்சு நின்னுச்சு. அமலன் தொரத்திக்கிட்டுப் போய்க் குனிஞ்சான். குனிஞ்சவன் தலையைத் தூக்கி மேக்க பார்த்தான். சூரியன் பனை ஓலையில அப்படியே நிக்கு. இன்னாசி கோட்டைத் தாண்டித் தெருவுல ஓடிக்கிட்டிருக்கான், ஆனாலும் நிக்கு. பந்து இன்னும் ஆட்டத்துலதான் கிடக்கு, அதை எடுத்து எறிஞ்சாத்தானே ஓவர் முடியும். அமலன் மெதுவா நிமிர்ந்து, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டான்.

ரெக்ஸன் ரெண்டு ரன் ஓடி நின்னவன் அதைப் பார்த்தான். பேட்ஸ்மேன் ஓடாம நின்னா தொம்மை அண்ணாச்சி பந்து செத்துப்போச்சுன்னு சொல்லிருவார், ரூல்ஸ்னா ரூல்ஸ். அந்தப் பையன் எதிர்ல நின்ன கூட்டாளியைப் பார்த்து, “ஓடு மக்கா”ன்னு சொல்லிட்டு மூணாவது ரன்னுக்கு ஓடினான். நாலாவது ஓடினான். ஓடிக்கிட்டே இருந்தாங்க ரெண்டு பேரும். எங்க ஆளுங்க மிச்சம் பத்து பேரும் கை கட்டி நின்னாங்க. ஸ்கோர் எழுதுறவன் சாக்பீஸைக் கீழ வச்சுட்டான். ஜெயிக்கிற ரன் வந்துட்டாலும் மேட்ச் முடிஞ்சிரும், ஆனா எண்ணினாத்தானே வந்துச்சா வரலையான்னு தெரியும், தொம்மை அண்ணாச்சி கடல் பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்.

நான் இன்னாசிக்குப் பின்னாலயே ஓடி வாசல்ல போய் நின்னேன். அவன் கட்டில்ல உக்காந்து அவ தலையைத் தூக்கி மடியில வச்சிருந்தான். அவ கண்ணைத் தொறந்து பார்த்தா.

“வந்துட்டீங்களா. பந்து போடலையா, வெளிய வெளிச்சமாவே இருக்கு?”

“போட்டுட்டேன்.”

“அப்புறம் ஏன் விழலை?”

நான்தான் சொன்னேன், யாரும் பந்தை எடுக்கலை, ரெக்ஸன் ஓடிக்கிட்டே இருக்கான்னு. அவ உதட்டுல சிரிப்பு வந்துச்சு. “உங்க ஓவர்ல இம்புட்டு ரன்னா. மானம் போச்சு போங்க”ன்னா. அவன் அவ வயித்துல கையை வச்சான். ஐஸ் உடைச்சு உடைச்சு அவன் கை எப்பவும் சில்லுன்னு இருக்கும், வலி கூடுற நேரத்துல அந்தக் கையை எடுத்து வயித்துல வச்சுக்கிடுவாளாம், எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வலது கை அவ்வளவு நேரம் பந்தைப் புடிச்சுக் காந்திப்போய் இருந்துச்சு போல, அவ நெளிஞ்சா, அவன் அதை எடுத்துட்டு இடது கையை வச்சான். அவ அப்பாடான்னு மூச்சு விட்டா. ரெண்டு பேரும் என்னமோ மெதுவாப் பேசிக்கிட்டாங்க, நான் திரும்பி நின்னுக்கிட்டேன், வாயை வாடகைக்கு விட்டவனுக்கும் கேக்கக் கூடாத பேச்சுன்னு ஒண்ணு உண்டு. மைதானத்துல அந்த ரெண்டு பேரும் ஓடுறதையே பார்த்துக்கிட்டு இருந்தேன், விழுறானுங்க, எந்திரிக்கிறானுங்க, ஓடுறானுங்க.

கொஞ்ச நேரத்துல பின்னால பேச்சு நின்னுச்சு. திரும்பிப் பார்த்தேன். இன்னாசி அவ தலைமுடியை ஒதுக்கி விட்டுக்கிட்டு இருந்தான். வாசல் வழியா வந்த மஞ்ச வெயில் அவ ரெண்டு காலுலயும் கிடந்துச்சு. ராத்திரி தாண்டாதுன்னு சொன்னாங்கன்னு நாங்க ஊரோட சேர்ந்து ராத்திரியை மறிச்சுக்கிட்டு நின்னோம், சாவு இந்தப் பக்கமா, வெயில் இருக்கும்போதே வந்து அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. பொழுது நின்னதுக்கும் அவ இருந்ததுக்கும் சம்பந்தமே இல்லையோ என்னமோ. சம்பந்தம் இல்லைன்னா, அவன் மைதானத்துல நின்ன அவ்வளவு நேரமும் இந்தக் கட்டில்லயே உக்காந்திருந்திருக்கலாம்.

இன்னாசி அழலை. அவ தலையைத் தலகாணிக்கு மாத்தி வச்சுட்டு எந்திரிச்சு வாசலுக்கு வந்தான். கண்ணு கூச, கையை நெத்தியில வச்சு மைதானத்தைப் பார்த்தான். ரெக்ஸன் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடிக்கிட்டிருந்தான்.

“மச்சான், அந்தப் பையனை நிக்கச் சொல்லுங்க. காலு போயிரும் அவனுக்கு.”

நான் மைக்குக்குப் போகலை. நேரா மைதானத்துக்குள்ள நடந்து போய் ரெக்ஸனுக்கு எதிர்ல நின்னேன். அவன் கோட்டுக்குள்ள பேட்டை ஊன்றி நின்னான், சட்டை பூரா மண்ணு, மூச்சு வாங்குது, பேச முடியலை.

“அக்கா எப்படி இருக்காங்கண்ணே?”ன்னு கேட்டான். நான் பதில் சொல்றதுக்கு முன்னாலயே, “இன்னும் நேரம் வேணும்னா சொல்லுங்கண்ணே, என்னால ஓட முடியும்”னு திரும்பவும் கிளம்பப் பார்த்தான். நான் அவன் கையில இருந்த பேட்டை வாங்கிக்கிட்டேன். தூரத்துல அமலன் அதைப் பார்த்துட்டுக் குனிஞ்சு பந்தை எடுத்தான்.